பறக்க விடாத ஸ்பேனர்

அத்தியாயம் 4

அந்த விமானக் கொட்டகையில் யாரும் யாரையும் நம்பவில்லை என்பதை ஆர்லோ தீல் உள்ளே நுழைந்த இரண்டாவது நிமிடமே கண்டுபிடித்துவிட்டான். அதில் துப்பறியும் திறமைக்கு வேலையே இல்லை. காபி மேஜை மேல் ஒரு க்ரிங்கிள் இருந்தது. பெரிய வளையமாகச் சுட்டு, மேலே சர்க்கரைப் பாகு ஊற்றி, உள்ளே பருப்பு அடைத்தது. விஸ்கான்சினில் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு க்ரிங்கிள் கத்தி படாமல் முழுசாக இருக்கிறது என்றால் அந்த இடத்தில் ஏதோ பெரிய தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஆர்லோ ஒரு துண்டு வெட்டிக்கொண்டான். கொட்டகையில் இருந்த எல்லாரும் அவனையே பார்த்தார்கள், இவன் செத்து விழுவானா என்று.

"நல்லாத்தான் இருக்கு," என்றான் ஆர்லோ. "யார் வாங்கினது?"

"நான்," என்றார் மூலையில் துணியால் கை துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெரிய மனிதர். ஐம்பத்தெட்டு வயதிருக்கும். டூவேன் ப்ளாஹா, தகடு வேலையும் போல்ட் வேலையும் அவர் பொறுப்பு என்று பின்னால் தெரிந்தது.

ஆர்லோவின் முதலாளியம்மா வில்லா க்ரூபா க்ரிங்கிளைக் கண்டுகொள்ளவில்லை. இருபது வருஷம் காப்பீட்டுக் கம்பெனிக்காக விழுந்த விமானங்களை ஆராய்ந்துவிட்டு, அதற்கப்புறம் தனியாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டவள். பேச்சு குறைவு. பாலாடைக்கட்டி ஆலையில் ருசி பார்க்கும் வேலையில் இருந்த ஆர்லோவை நான்கு வருஷம் முன்பு உதவிக்குச் சேர்த்துக்கொண்டாள். அவள் பங்குக்கும் சேர்த்து அவன் பேசிவிடுகிறான் என்பதுதான் காரணம் என்று ஆர்லோ எல்லாரிடமும் சொல்லிக்கொள்வான்.

நடுவில் நின்றது விமானம். ஒற்றை ஆள் ஓட்டும் பி-40 போர் விமானம். 1943-ல் அலாஸ்காவில் உறைந்த ஏரி ஒன்றின் மேல் அவசரமாக இறக்கியிருக்கிறார்கள். ஓட்டியவர் நடந்தே ஊர் போய்ச் சேர்ந்தார். பனி உருகியதும் விமானம் அடிக்குப் போய்விட்டது. எழுபது வருஷம் கழித்துச் சேறும் சகதியுமாக எடுத்து வந்து, பதினொரு வருஷம் மெனக்கெட்டு, வளைந்த ஒவ்வொரு எலும்பையும் நேராக்கியோ மாற்றியோ, இப்போது பெயிண்ட் மணக்க நிற்க வைத்திருந்தார்கள். நாளை சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அது மறுபடியும் வானத்துக்குப் போகவேண்டும்.

போக முடியாது. ஒரு ஸ்பேனரைக் காணவில்லை.

வெளியில் இருப்பவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். ஆர்லோவுக்கும் இருந்தது. பட்டறைத் தலைவர் ஹெல்மர் ஓஸ்டாட் விளக்கியதும் சிரிப்பு போய்விட்டது. இங்கே ஒவ்வொருவரின் டிராயரிலும் கறுப்பு ஸ்பாஞ்ச் பதித்திருக்கிறது. அதில் ஒவ்வொரு சாமானுக்கும் அதனதன் உருவத்திலேயே ஒரு பள்ளம். மாலையில் வீட்டுக்குப் போகும் முன் பள்ளமெல்லாம் நிறைந்திருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். ஒரு பள்ளம் காலி என்றால் அந்தச் சாமான் விமானத்துக்குள் கிடக்கலாம். மேலே போனதும் அது உருண்டு போய்க் கம்பியிலோ கப்பியிலோ சிக்கிக்கொண்டால், ஓட்டுகிறவள் எந்தப் பக்கம் இழுத்தாலும் விமானம் திரும்பாது. அப்புறம் ஆளைத் தகட்டோடு சேர்த்துத்தான் பொறுக்கவேண்டும்.

"அதனால ஸ்பேனர் கிடைக்கிற வரைக்கும் பறக்காது," என்றார் ஹெல்மர். "அதுக்கு மேல பேச்சே கிடையாது."

வாசலில் இருந்த கண்ணாடிப் பெட்டியை அவர் காட்டினார். நீலத் துணி மடித்துப் போட்டு, அதன்மேல் கறுத்துப்போன ஒரு ஸ்பேனர். விமானத்தை ஏரியிலிருந்து எடுத்தபோது அதன் வயிற்றுக்குள் கிடந்ததாம். 1943-ல் தொழிற்சாலையில் யாரோ மறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு அட்டை: 'எண்ணினீர்களா?'

"கோழி அடை காக்குற மாதிரி உட்கார்ந்திருக்கு," என்றான் ஆர்லோ. வில்லா தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டாள். ஏனோ தோன்றியது, சொன்னேன் என்றான். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டியை இன்னொரு முறை பார்த்தாள்.

அவர்களைக் கூலிக்கு அமர்த்தியவர் ரெக்ஸ் கால்டர், விமானத்தின் சொந்தக்காரர். தானியக் குதிர் விற்றுப் பெரிய ஆளானவர். அவர் பேசும்போது எதிரில் இருப்பவரும் ஒரு குதிர் வாங்கியாகவேண்டும் போலிருக்கும். திருடி யார் என்று அவர் ஏற்கெனவே முடிவு கட்டியிருந்தார். காணாமல் போன ஸ்பேனர் இனெஸ் சால்சீடோவின் டிராயரில் இருந்தது. டெக்சஸில் ஒருத்தன் இதே மாதிரி விமானத்தைத் தயார் செய்துகொண்டிருக்கிறான். அவன் முந்திக்கொள்வதற்காக இவளுக்குக் கையூட்டு கொடுத்திருக்கிறான் என்பது அவர் கணக்கு. இன்று மாலை ஐந்து மணிக்குள் ஸ்பேனர் கிடைக்காவிட்டால் இனெஸ் வெளியே போகவேண்டியதுதான். அவள் மெக்கானிக் லைசென்ஸ் மேலேயும் புகார் போகும். ஹெல்மர் இதற்குத் தலையாட்டிவிட்டார், ஆனால் ஆட்டிய நேரம் முதல் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

இனெஸ் எஞ்சின்காரி. நாற்பத்தொரு வயது. கோழிப் பண்ணையில் வேலை பார்த்துக்கொண்டே ஏழு வருஷம் படித்து அந்த லைசென்ஸை வாங்கியவள்.

"திருடுறவ இருக்கறதுலயே மட்டமான ஸ்பேனரையா திருடுவா?" என்றாள் வில்லாவிடம். "அதே டிராயர்ல அதுக்கு முப்பது மடங்கு விலை போற சாமான் கிடக்கு. புதன்கிழமை சாயங்காலம் எண்ணினேன். எல்லாம் இருந்துது. வியாழக்கிழமை காலையில வந்தா ஒரு ஓட்டை என்னைப் பார்த்து இளிக்குது."

"டிராயரைப் பூட்டிட்டுப் போனீங்களா?"

"இங்க யாரும் பூட்ட மாட்டோம்னு நினைச்சிட்டு இருந்தேன்." அவள் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தாள். "மத்தவங்க எல்லாம் போன மாசத்துல இருந்தே பூட்டறாங்களாம். ரெக்ஸ் சார் சொல்லிக் கொடுத்தாராம். எனக்கு மட்டும் யாரும் சொல்லல."

வில்லா தலையை ஆட்டிக்கொண்டு ஹெல்மரிடம் போனாள். உள்ளே கை விட்டு வேலை பார்ப்பதற்காக விமானத்தின் உடம்பில் வைத்திருக்கும் மூடிகள் எல்லாம் எப்போது மூடப்பட்டன என்று விசாரித்தாள். கடைசி மூடி செவ்வாய்க்கிழமை என்றார். வாலுக்குப் பக்கத்தில் இருப்பது. ஒவ்வொரு மூடியின் மேலும் சீல் ஒட்டி இரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். வியாழன் காலை வரை ஒரு சீல் கூடக் கிழியவில்லை.

"புதன்கிழமை சாயங்காலம் ஸ்பேனர் டிராயர்ல இருந்திருக்கு. அதுக்கு முன்னாடியே மூடி எல்லாத்துக்கும் சீல் வெச்சாச்சு. அப்புறம் எப்படி அது உள்ள போகும்?" என்றாள் வில்லா.

"போகாது. எங்களுக்கும் தெரியும். ஆனா காணோம்னா தேடியே ஆகணும். எப்படிப் போச்சுங்கற கேள்வியே எங்க சட்டத்துல கிடையாது."

அதனால் வியாழக்கிழமை முழுக்க நாற்பத்தாறு மூடியையும் திறந்து, தேடி, மறுபடி மூடியிருக்கிறார்கள். தேடுவதற்கும் ஒரு சட்டம். எந்த மூடியை யார் மூடினாரோ அவர் அதைத் திறக்கக் கூடாது. தன் வேலையைத் தானே பார்த்தால் கண் தப்பை மன்னித்துவிடும், வேறொருவர் கண் வேண்டும்.

"அவ்ளோ கறாரா?" என்றான் ஆர்லோ.

"ரொம்பக் கறார். டூவேன் மூணு தடவை கேட்டான், வால் மூடி என் வேலை, நானே பார்த்துடறேன்னு. முடியாதுன்னுட்டேன். எங்க பைலட் கோரின் திறந்து பார்த்தா. ஒண்ணும் இல்ல."

கோரின் மேதர் அப்போது இறக்கையின் அடியில் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து வானிலை அறிக்கை படித்துக்கொண்டிருந்தாள். நாளை இந்த விமானத்தை ஓட்டப்போகிறவள். ஒடிசலான பெண். சூயிங் கம் மென்றுகொண்டிருந்தாலும் வாயை ஒழிய வேறு எதுவும் அசையவில்லை. ஸ்பேனர் கிடைத்தால் தான் உயிரோடு இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால், எல்லாரையும்விடத் தனக்குத்தான் அக்கறை என்று அவளே சொன்னாள்.

ஆர்லோ டூவேனோடு பேச்சுக் கொடுத்தான். நல்ல மனிதர். இனெஸ் எண்ணாமல் வீட்டுக்குப் போகிற ஆள் இல்லை, அவளைச் சந்தேகப்படுவது அநியாயம் என்று அவரே வலிய வந்து சொன்னார். சொல்லிவிட்டு, துடைத்த கையையே மறுபடி துடைத்தார். ஆர்லோவுக்கு அவரைப் பிடித்துப்போய், இன்னொரு துண்டு க்ரிங்கிள் எடுத்துக்கொண்டான்.

சுவரில் ஒரு போட்டோ தொங்கியது. செவ்வாய்க்கிழமை வால் மூடியை மூடும் முன் எடுத்தது. வாலுக்குள் ஏரித் தண்ணீருக்கும் அழியாமல் பென்சிலில் ஒரு பெயர் இருந்ததாம்: 'மேபெல், இரண்டாம் ஷிஃப்ட், 1943'. தொழிற்சாலையில் தகடு அடித்த பெண்ணாக இருக்கவேண்டும். அதைப் பார்த்ததும் எல்லாருக்கும் ஆசை வந்து, தாங்களும் உள்ளே கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் மூடினார்களாம். போட்டோவில் ரெக்ஸ் ஒரு சின்ன மஞ்சள் பெயிண்ட் பாட்டிலை வைத்துக்கொண்டு பெரிதாகப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இனெஸ் சிரித்துக்கொண்டு நின்றாள். பின்னால் டூவேன் கேக் வெட்டும் கத்தியோடு. மூலையில் நேரம் பதிந்திருந்தது, இரண்டு இருபது.

"அது என்ன பெயிண்ட்?" என்றாள் வில்லா.

ஹெல்மர் சொன்னார். ஒரு நட்டை இறுக்கி முடித்ததும் நட்டின் மேலும் தகட்டின் மேலும் சேர்த்து ஒரு கோடு இழுப்பார்கள். பின்னால் நட்டு நகர்ந்தால் கோடு உடைந்துவிடும், பார்த்ததும் தெரியும். ஒவ்வொரு மெக்கானிக்குக்கும் ஒரு நிறம். மஞ்சள் டூவேனுடையது, ஆரஞ்சு இனெஸுடையது.

வில்லா போட்டோவின் மேல் மூக்கு படும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள். ரெக்ஸின் முழங்கைக்குப் பக்கத்தில், வாலின் கிடை இறக்கையைப் பிடித்துக்கொண்டிருக்கும் நான்கு போல்ட்டுகள் தெரிந்தன. நான்கிலும் மஞ்சள் கோடு. பிறகு அவள் வேலை நடந்த தாள்களைப் புரட்டினாள். சாமான் அறை வாசலில் நூலில் கட்டித் தொங்கிய நோட்டையும் புரட்டினாள். எவ்வளவு இறுக்கினோம் என்று அளந்து சொல்லும் ரெஞ்ச் ஒன்று உண்டு, அதை யார் எப்போது எடுத்தார்கள், எப்போது வைத்தார்கள் என்று எழுதும் நோட்டு அது.

"இந்த ரெஞ்ச் இங்க ஒண்ணுதானா?"

ஒன்றுதான் என்றார் ஹெல்மர். இன்னொன்று கேட்டு ரெக்ஸுக்கு மூன்று தடவை எழுதியாயிற்று என்று முனகினார்.

மதியச் சாப்பாட்டுக்கு இருவரும் சாலையோரக் கடையில் பொரித்த மீனோடு உட்கார்ந்தார்கள். ஆர்லோ தன் சந்தேகத்தை விரித்தான். ரெக்ஸ்தான். விமானம் பறக்காது என்று அவருக்கு ரகசியமாகத் தெரிந்திருக்கும், பெயர் கெடாமல் தப்பிக்க வழி தேடுகிறார், பழியைப் போட ஒரு பெண் கிடைத்தாள். இல்லாவிட்டால் எல்லாருக்கும் பூட்டச் சொல்லிவிட்டு அவளுக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை?

"அவருக்கு அவளோட பேசப் பிடிக்கல, அவ்ளோதான். எல்லாக் கெட்ட குணமும் குற்றம் ஆயிடாது," என்றாள் வில்லா. "நீ வேற மாதிரி யோசி. ஒருத்தன் மட்டமான ஒரு ஸ்பேனரை எடுத்தான். அதை விக்க முடியாது. வெச்சுக்கிட்டும் பிரயோஜனம் இல்ல. அப்ப அவனுக்கு வேண்டியது ஸ்பேனர் இல்ல."

"வேற என்ன?"

"ஸ்பேனர் காணாம போனா இந்த ஆளுங்க என்ன பண்ணுவாங்களோ, அது."

ஆர்லோ மீனை வாயில் வைத்தபடி யோசித்தான். பறக்கவிட மாட்டார்கள். மூடியெல்லாம் திறப்பார்கள். இதில் எது வேண்டுமாம் என்றான். இரண்டுமாக இருக்கலாம் என்று சொல்லி, வில்லா ஒரு காகிதத்தில் அளவும் கம்பெனிப் பெயரும் எழுதி நீட்டினாள். அதே மாதிரி ஒரு ஸ்பேனர், ஊருக்குள் இருக்கும் இரும்புக்கடையில்.

"பாஸ், நாலு வருஷத்துல எவ்வளவோ சாட்சியம் தேடியிருக்கோம். விலை கொடுத்து வாங்கறது இதுதான் முதல் தடவை."

"ரசீது வாங்கிக்க. திரும்பி வரும்போது அதைக் கொஞ்சம் சரளைக்கல்லுல தேய்ச்சிட்டு வா, புதுசாத் தெரியக் கூடாது."

அவன் திரும்பி வந்தபோது வில்லா கொட்டகைக்குப் பின்னால் கோரினோடு நின்று பேசிக்கொண்டிருந்தாள். கோரின் மெல்லுவதை நிறுத்தியிருந்தாள்.

மூன்றரை மணிக்கு வில்லா எல்லாரையும் கூப்பிட்டாள். ஹெல்மர், ரெக்ஸ், இனெஸ், டூவேன், கோரின் ஐந்து பேரும் காபி மேஜையைச் சுற்றி வந்து நின்றார்கள். ஒரு பிளாஸ்டிக் பையில் போட்ட ஸ்பேனரை வில்லா மேஜை மேல் வைத்தாள். யாரும் தொடக் கூடாது என்றாள்.

"பைலட் சீட்டுக்கு அடியில இருந்துது. சீட்டோட சட்டத்துக்கும் தரைக்கும் நடுவுல செருகிக்கிட்டு நின்னுது. நேத்து தேடினவங்க கண்ணுல படாம போனது அவங்க தப்பு இல்ல."

இனெஸ் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஹெல்மர் பெரிதாக மூச்சு விட்டார். தான் நியமித்த ஆட்கள் என்றால் சும்மாவா என்று ரெக்ஸ் தொடங்கினார், இனெஸ் கவனக்குறைவாக இருந்திருக்கிறாள் என்று முடித்தார். கோரின் குறுக்கிட்டாள். நாளைக்கு மழை என்கிறார்கள், இப்போது வானம் சுத்தமாக இருக்கிறது, இன்றைக்கே ஒரு சுற்று போய்விட்டு வந்தால் என்ன? ரெக்ஸுக்கு அதைவிட இனிப்பான சொல் உலகத்தில் இல்லை. ஹெல்மர் தயங்கினார், பிறகு சரி என்றார். ஸ்பேனர் கிடைத்துவிட்டது, சட்டம் திருப்திப்பட்டுவிட்டது.

எல்லார் கண்ணும் அந்தப் பிளாஸ்டிக் பை மேல் இருந்தது. ஒரே ஒருத்தர் மட்டும் வேறு எங்கோ பார்த்தார். ஆர்லோ அந்தப் பார்வை போன வழியே திரும்பிப் பார்த்தான். வாசல். கண்ணாடிப் பெட்டி. நீலத் துணி மேல் கறுப்பு ஸ்பேனர், தட்டையாகக் கிடக்காமல் ஒரு விரல் உயரம் தூக்கலாக, கோழி அடை காக்கிற மாதிரி.

கோழிக்கு அடியில் முட்டை இருக்கிறது என்று ஆர்லோவுக்கு அப்போதுதான் உறைத்தது. வாயில் இருந்த க்ரிங்கிள் விழுங்கப்படாமல் அப்படியே நின்றது.

வில்லா அவன் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். சும்மா இரு என்று அர்த்தம்.

விமானத்தை வெயிலுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். கோரின் பூட்ஸ் கயிற்றைக் கட்டினாள், அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள். மேலே ஏறி உட்கார்ந்தாள். வார்களை மாட்டினாள். இனெஸ் சக்கரத்துக்குப் பக்கத்தில் தீயணைக்கும் சிலிண்டரோடு நின்றாள், முகத்தில் அழுத ஈரம் இன்னும் காயவில்லை. ரெக்ஸ் போனைத் தூக்கிப் படம் எடுத்தார். டூவேன் மட்டும் கொட்டகை நிழலிலேயே நின்றார். கையிலிருந்த துணியை முறுக்கினார், பிரித்தார், மறுபடி முறுக்கினார்.

"விலகுங்க," என்று கோரின் மேலிருந்து குரல் கொடுத்தாள். எஞ்சினைக் கிளப்பும் முன் சொல்கிற வார்த்தை அது. எல்லாரும் பின்வாங்கினார்கள்.

டூவேன் நடந்து வந்தார். ஓடவில்லை. நேராக வந்து விமானத்தின் மூக்கில் இருந்த விசிறிக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"கிளப்பாதே," என்றார். "கோரின், கிளப்பாதே. அது அந்த ஸ்பேனர் இல்ல."

ரெக்ஸ் ஏதோ கத்தத் தொடங்கினார். வில்லா கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள்.

"எப்படிச் சொல்றீங்க, டூவேன்?"

அவர் திரும்பி வாசலுக்குப் போனார். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, 1943-ன் ஸ்பேனரை எடுத்துப் பக்கத்தில் வைத்து, துணி மடிப்புக்குள்ளிருந்து இன்னொன்றை உருவிக்கொண்டு வந்தார். பிடியில் ஐ.எஸ். என்று இனெஸ் சால்சீடோவின் முதலெழுத்துகள் கீறியிருந்தன. அதை இனெஸிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"வால்ல நாலாவது போல்ட் இறுக்கல," என்றார். "நான்தான் இறுக்கல."

மேலே கோரின் வார்களைக் கழற்றும் சத்தம் கேட்டது. பாட்டரி ஒயரைத் தான் இணைக்கவே இல்லை என்று அவள் இறங்கியபடியே சொன்னாள். வில்லா அப்படித்தான் செய்யச் சொல்லியிருந்தாள். அவர் வராமல் போயிருந்தாலும் விசிறி சுற்றியிருக்காது.

வில்லா கோர்வையாகச் சொன்னாள். செவ்வாய்க்கிழமை ஒரு மணிக்கு அளவு ரெஞ்சை இனெஸ் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள், எஞ்சின் வேலைக்கு. நாலரைக்குத்தான் திருப்பி வைத்திருக்கிறாள். நோட்டு சொல்கிறது. போல்ட் நான்கையும் இரண்டு மணிக்கு இறுக்கி முடித்ததாக டூவேனின் தாள் சொல்கிறது. இரண்டு இருபதுக்கு எடுத்த போட்டோவில் நான்கிலும் மஞ்சள் கோடு இருக்கிறது. இருப்பது ஒரே ரெஞ்ச், அது அந்த நேரத்தில் எஞ்சினோடு இருந்தது. அப்படியென்றால் கோடு முதலில் வந்திருக்கிறது, இறுக்குவது வரவே இல்லை.

"மூணு முடிச்சிருந்தேன்," என்றார் டூவேன். "நாலாவதுக்குள்ள இனெஸ் ரெஞ்ச் கேட்டா, குடுத்துட்டேன். அப்புறம் எல்லாரும் பேர் எழுதணும்னு வந்து என் பாட்டிலைக் கேட்டாங்க. ஒரு தடவை கை மாறினா அந்த பாட்டில் திரும்பி வராதுன்னு, நாலுக்கும் கோடு போட்டுட்டுக் குடுத்தேன். ரெஞ்ச் வந்ததும் இறுக்கிக்கலாம்னு. தாள்லயும் அப்பவே கையெழுத்து போட்டேன். கேக் வந்துது. மூடிட்டோம்."

புதன்கிழமை இரவுச் சாப்பாட்டில் ஒரு பாட்டில் மூடியைத் திருகியபோதுதான் கைக்கு ஞாபகம் வந்ததாம், செவ்வாய்க்கிழமை நாலாவதைத் திருகவில்லை என்று. விடிந்ததும் முதல் ஆளாக வந்துவிட்டார். தனியாக மூடியைத் திறந்தால் சீல் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே ஒரு ஸ்பேனர் காணாமல் போகட்டும், எல்லா மூடியும் திறக்கும், கூட்டத்தோடு கூட்டமாக வாலுக்குள் கையை விட்டு இறுக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டார். பூட்டாத டிராயர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தன் மூடியைத் தான் திறக்க முடியாது என்ற சட்டம் அவருக்கு அந்த அவசரத்தில் நினைவுக்கு வரவில்லை. முப்பத்தொரு வருஷமாக அந்தச் சட்டத்தை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

"வால்ல கை வைக்க முடியாதுன்னு ஆனதும், பறக்காம இருந்தா போதும்னு ஸ்பேனரை வெளிய எடுக்கல," என்றார்.

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே," என்றார் ஹெல்மர்.

"செய்யாத வேலைக்குக் கையெழுத்து போட்டிருக்கேன், ஹெல்மர். அதை எப்படிச் சொல்றது?"

கோரின் முகம் வெளுத்திருந்தது. பாட்டரி இணைக்காத விமானத்தில் உட்கார்ந்திருந்தபோது இல்லாத பயம் இப்போது வந்திருந்தது. "நேத்து அந்த மூடியைத் திறந்து பார்த்தது நான்தான்," என்றாள் மெதுவாக. "டார்ச் அடிச்சுப் பார்த்தேன். ஸ்பேனர் இல்ல. போல்ட் நாலும் மஞ்சளா இருந்துது. ரொம்ப நல்லா இருக்குன்னு நினைச்சு மூடினேன்."

ரெக்ஸின் போன் இன்னும் படம் எடுத்துக்கொண்டே இருந்தது. அவர் அதை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

மூடியைத் திறந்தார்கள். சட்டப்படி டூவேன் தள்ளி நின்றார். இனெஸ் தன் ஸ்பேனரை அப்போதுதான் அவர் கையிலிருந்து வாங்கினாள், முகத்தைப் பார்க்காமல். உள்ளே கையை விட்டு நாலாவது நட்டில் வைத்தாள். அழுத்தவே வேண்டியிருக்கவில்லை. நட்டு அரைச் சுற்று சுற்றியது. மஞ்சள் கோடு இரண்டாக உடைந்தது.

ஹெல்மர் அந்த உடைந்த கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். திங்கட்கிழமை லைசென்ஸ் ஆபீசுக்கு எழுதுவேன், நடந்தது நடந்தபடி எழுதுவேன் என்று டூவேனிடம் சொன்னார். டூவேன் சரி என்றார். ஹெல்மர் பிறகு இனெஸ் பக்கம் திரும்பினார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ரெக்ஸ் அவளிடம் ஸாரி என்றார். அவர் வாயிலிருந்து அது வரும் என்று ஆர்லோ பந்தயம் கட்டியிருந்தால் தோற்றிருப்பான்.

இனெஸ் அளவு ரெஞ்சை எடுத்து வந்து, நோட்டில் எழுதி, நாலாவது நட்டை இறுக்கினாள். தன் ஆரஞ்சுப் பெயிண்டால் புதுக் கோடு இழுத்தாள். அப்புறம் தன் டிராயரைத் திறந்து ஸ்பேனரை அதன் பள்ளத்தில் பதித்து எண்ணினாள். எண்ணி முடித்து மேஜையைக் காட்டினாள். அங்கே பிளாஸ்டிக் பைக்குள் இன்னொன்று கிடந்தது.

"ஒண்ணு கூடுதலா இருக்கு. கூடுதலா இருந்தாலும் பறக்கக் கூடாது. யாரோடது அது?"

"என்னோடது," என்றான் ஆர்லோ அவசரமாகப் பையை எடுத்துக்கொண்டு. "ரசீது இருக்கு."

கிளம்பும்போது அவன் திரும்பிப் பார்த்தான். திறந்திருந்த வாலுக்குப் பக்கத்தில் டூவேன் குனிந்து நின்றார். மேபெலின் பென்சில் பெயருக்குக் கீழே அவர் பெயர் மஞ்சளில் இருந்தது. அதைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். முதல் எழுத்து பாதி போயிருந்தது.

இனெஸ் அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"ரெண்டு நாளா என்னைத் திருடின்னு பார்த்தாங்க," என்றாள். "நீயும் பக்கத்துலயே நின்னு பார்த்துட்டு இருந்தே. அதை நான் மறக்க மாட்டேன், டூவேன்."

அவர் தலையை ஆட்டினார்.

"ஆனா பேரை அழிக்காதே. அது இங்கயே இருக்கட்டும். அதைப் பார்த்தாத்தான் நாளைக்கு இந்த மூடியைத் திறக்கிறவன், கோட்டை மட்டும் பார்த்துட்டுப் போகாம நட்டைத் திருகிப் பார்ப்பான்."

டூவேன் கையை எடுத்தார். நகத்தில் மஞ்சள் ஒட்டியிருந்தது. இனெஸ் மூடியை எடுத்து, பொருத்தும் முன் ஒருமுறை நட்டைத் தானே திருகிப் பார்த்தாள்.